நரம்புச் சிலந்தியும் நாற்பது துணிகளும்

அஞ்சலை தன் வலக்காலைத் தூக்கி வேப்பமரத்தடிக் கல்லின்மேல் வைத்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. அதன் நடுவே, ஊசியில் கோக்க எடுத்த வெள்ளை நூலின் நுனியைப் போல ஒன்று வெளியே தெரிந்தது.

“இந்தத் தடவ பொறுமையா பாருங்கம்மா” என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பங்குனி மாதக் கடைசி. காலை எட்டு மணிக்கே கரிசல் நிலத்தின் வெடிப்புகளிலிருந்து அனல் எழும்பத் தொடங்கியிருந்தது. அவிழ்த்துவிட்ட வண்டி மாடுகள் நிழலில் நின்று வைக்கோலை மென்றன. மேலிருந்து உதிர்ந்த வேப்பம்பூ என் மருந்துத் தட்டில் விழுந்துகொண்டே இருந்தது. டிஞ்சரின் காரநெடியும் அந்தப் பூவின் மணமும் கலந்த ஒரு வாசனை இன்றும் எங்காவது வந்தால், எனக்கு அந்தக் கால்தான் நினைவுக்கு வருகிறது.

அஞ்சலையின் இடக்கால் ஏற்கெனவே முழங்காலில் மடங்காமல் விறைத்துப் போயிருந்தது. நடக்கும்போது அதை ஒரு கழியைப் போல வீசி வைத்துத்தான் நடப்பாள்.

“ஒரு காலு போயிடுச்சு. இதுவும் போயிட்டா களை வெட்ட எந்தக் கால ஊனுறது?” என்று கேட்டாள்.

அந்த இடக்காலைக் கெடுத்தவள் நான்.

முந்தைய ஆண்டின் அவசரம்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்காதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தாய் தந்தையை இழந்த நான், திருச்சியில் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள். நர்ஸ் பயிற்சி முடிந்ததும் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மடத்து மருந்தகத்துக்கு என்னை அனுப்பினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று எண்ணியிருந்தேன்.

வியாழக்கிழமைதோறும், கீழப்பழுவூரைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு தெருவுக்கு மாட்டு வண்டியில் போவோம். அங்கே இருந்தவர்கள் அனைவரும் நிலமில்லாத கூலிக்காரர்கள். பாதிக் குடும்பங்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவை; மீதிப் பாதி மாரியம்மனைக் கும்பிடுபவை. என்னுடன் உபதேசியார் சவரிமுத்து வருவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், வண்டி ஓட்டுவதும், நான் கட்டுப் பிரிக்கும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வதும் அவருடைய வேலைகள்.

அந்தத் தெருவின் சாபம் நரம்புச் சிலந்தி. இன்றைய வாசகர்களில் பலர் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள், நல்லது. அது முழ நீளத்துக்கு மேல் வளரும் ஒரு புழு. மனித உடம்புக்குள் ஒரு வருஷம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, கோடையில் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு மருந்து கிடையாது. ஒரு குச்சியில் நுனியைச் சுற்றி, நாளுக்கு ஒரு விரல் அகலமாக, வாரக் கணக்கில் சுருட்டி எடுக்க வேண்டும். நாட்டு வைத்தியர்களும் அப்படித்தான் செய்தார்கள். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த துண்டு உள்ளே அழுகிச் சீழ் பிடிக்கும். அது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் மூட்டு இறுகிவிடும்.

முந்தைய ஆண்டு அஞ்சலைக்கு அது இடது முழங்காலின் பின்புறத்தில் வந்தது. மூன்று வாரம் சுற்றியிருந்தோம். நான்காவது வியாழன் மேற்கே மழை இருட்டியது. “ஓடையில தண்ணி வந்துட்டா வண்டி தாண்டாது, சீக்கிரம் முடிங்க” என்றார் சவரிமுத்து. இன்னும் கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்து நான் குச்சியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினேன். விரலில் ஒரு மெல்லிய தளர்வு தெரிந்தது. இழுத்துக் கட்டிய நூல் விட்டுக்கொடுத்ததைப் போல.

அன்று மழை பெய்யவே இல்லை.

மூன்று மாதம் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். உயிர் பிழைத்தது பெரிது என்றார்கள். எழுந்தபோது அந்தக் கால் மடங்கவில்லை. என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மறு கோடையில் வலக்காலை நீட்டிக்கொண்டு அதே மரத்தடிக்கு வந்தாள். அந்த நம்பிக்கை எனக்குப் பெரும் பாரமாக இருந்தது.

ஒரு சுற்றுக்கு ஒரு மந்திரம்

வாரம் ஒரு நாள் வருகிற நான் தினமும் சுற்ற முடியாது. “மடத்து மருந்தகத்துக்கு வந்து தங்கு” என்று கூப்பிட்டேன்.

“நா அங்க படுத்துக்கிட்டா இங்க அந்த மனுசனுக்கு யாரு கஞ்சி காச்சுறது? நீங்க சொல்லிக்குடுங்க, நானே சுத்திக்கறேன்.”

எனவே கற்றுக்கொடுத்தேன். புண்ணின்மேல் ஈரத் துணியை வைத்து ஊறவிட வேண்டும். குச்சியை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. தடுத்தால் நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு மெதுவாகத் திருப்புவது என்பதைத்தான் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. அந்தத் தெருவில் கடிகாரம் கிடையாது.

சவரிமுத்து உதவிக்கு வந்தார். “அரைச் சுத்துக்கு ஒரு பிரியதத்த மந்திரம். மாதாவ நெனச்சு முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் திருப்பு. நம்ம வேதக்காரப் பொம்பளைங்க அப்படித்தான் செய்யிறாங்க.”

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நா எங்க மாரியாத்தாளச் சொல்லிக்கறனே.”

அவர் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தார்.

“எதைச் சொன்னாலும் மெதுவாச் சொல்லு, அஞ்சலை” என்றேன்.

மடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் மாடுகளோடு மட்டும்தான் பேசினார்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. புண்ணோடு யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. அந்தத் தெருவுக்கு இருந்தது படிக்கட்டு வைத்த ஒரே கிணறு. ஊர்க் கிணற்றில் கயிறு போட அவர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. படி இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று குடத்தை அமுக்கி எடுப்பார்கள். சிலந்தி அப்போதுதான் தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அடுத்த கோடையில் அது வெளியே வரும்.

“நா எறங்கலன்னா எனக்கு யாரு தண்ணி மொண்டு தருவா?” என்றாள் அஞ்சலை.

அடுத்த வீட்டு மருதாயியைக் கேட்டோம். ஒரு கோழி விவகாரத்தில் இருவரும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

“மொண்டு ஊத்துறேன். ஆனா அவகூடப் பேச மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள் மருதாயி.

“பேச வேணாம். தண்ணி போதும்” என்றாள் அஞ்சலை, மரத்தைப் பார்த்தபடி.

கோடித் துணி

இங்கே எங்கள் தலைமைச் சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் மதர் என்றே அழைப்போம். பனி பெய்யும் நாட்டிலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேலாக வெயிலில் வெந்தவர். தமிழை இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்றவர், கீரை விற்பவளிடமும் “நீர் நேற்று ஏன் வரவில்லை?” என்றுதான் கேட்பார்.

தண்ணீரைத் துணியால் வடிகட்டிக் குடித்தாலே இந்த நோய் அற்றுப்போகும் என்று மதர் எங்கோ படித்திருந்தார். யுத்தத்தால் துணி கிடைக்காத நேரத்தில், எப்போதோ வாங்கி வைத்திருந்த ஒரு காடாத் துணிக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தார். ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் முழுவதும், மாலை ஜெபம் முடிந்ததும் சகோதரிகள் உட்கார்ந்து அதைச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மடித்துத் தைத்தார்கள். வீட்டுக்கு ஒன்றாக நாற்பது துணிகள். தையல் அவ்வளவு நேர்த்தி. பீடத்தில் விரிக்கலாம் போல இருந்தது.

அந்தப் பாஸ்குத் திருநாள் முடிந்த வாரம் மதரே எங்களோடு வண்டியில் வந்தார். முழு வெள்ளை உடையில், ஒவ்வொரு வாசலாக நின்று, அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையில் துணியைக் கொடுக்கத் தொடங்கினார்.

முதல் வீட்டுப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டாம் வீட்டுப் பெண் உள்ளே போய்விட்டாள். மூன்றாவது மருதாயியின் வீடு. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“எம் புருசன் நல்லாத்தாம்மா இருக்கான். இப்பதான் கஞ்சி குடிச்சிட்டுப் போனான். எனக்கு எதுக்குக் கோடி போடுறீங்க?”

மதர் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. கணவன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புது வெள்ளைத் துணி கொண்டுவந்து போடுவதைத்தான் கோடி போடுவது என்பார்கள் என்று விடுதியில் வளர்ந்த எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நாங்கள் வாசல் வாசலாகப் போய், நாற்பது சுமங்கலிகளின் கையில் கைம்பெண் கோலத்தைக் கொடுக்கப் புறப்பட்டிருந்தோம்.

திரும்பும் வழியில் மதர் சவரிமுத்துவிடம் கேட்டார். “உமக்கு இது முன்பே தெரியுமா?”

“தெரியும் மதர்.”

“ஏன் நீர் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலியே மதர்.”

“இனிமேல் கேட்கிறேன்” என்றார் மதர். அந்த இரண்டு சொற்களுக்காகவே அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மஞ்சளும் பாவாடையும்

பரிகாரத்தைச் சவரிமுத்துவே சொன்னார். புதுத் துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைத்தால் அது மங்கலத் துணியாகிவிடும். இது சமயச் சடங்கோ என்று மதருக்குத் தயக்கம். என்னை அழைத்து, “மஞ்சள் புண்ணை ஆற்றுமா?” என்று கேட்டார்.

“ஆற்றும் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள், மதர்.”

“அப்படியானால் அது மருந்து. அரைக்கச் சொல்லும்.”

மடத்துச் சமையலறையில் நாற்பது துணிகளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினோம். மறுநாள் காலைப் பூசையில் கூப்பிய கைகள் அத்தனையும் மஞ்சள் விரல்களாக இருந்தன. கோயிலில் சிரிக்கக் கூடாது என்பதற்காக நான் தலையைக் குனிந்தே இருந்தேன்.

அந்த வியாழன் துணிகளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மருதாயி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாங்கள் வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணித் திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, மருதாயியின் மகள் எங்களை நோக்கி ஓடிவந்தாள். ஓரம் தைத்த அந்தத் துணியை இடுப்பில் பாவாடையாகக் கட்டியிருந்தாள். பின்னாலேயே இன்னும் நான்கைந்து பாவாடைகள் வந்தன. ஊரெங்கும் துணிப் பஞ்சம். நல்ல துணியைக் குடத்தின் வாயில் கட்டிவிட்டுப் பிள்ளையை அம்மணமாக விட எந்தத் தாய்க்கு மனம் வரும்? மதரிடம் வந்து சொன்னேன்.

“அந்தப் பிள்ளைக்கு அது அழகாக இருக்கிறதா?”

“இருக்கிறது, மதர்.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

எங்களுக்கு வழி காட்டியவள் அஞ்சலைதான். அவள் குடத்தின் வாயில் கந்தலான பழம்புடவைத் துண்டு ஒன்று நான்காக மடித்துக் கட்டியிருந்தது.

“மதர் குடுத்தது எங்கே?” என்றேன்.

“அது பொட்டியில இருக்கு, நல்லது கெட்டதுக்கு ஆவும். தண்ணி வடிக்கப் பழசு போதாதாம்மா? பழசுதான் இழை நெருக்கமா இருக்கு.”

பழையது போதுமா என்று அதுவரை நாங்கள் ஒருவரும் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து துணி கொடுப்பதை நிறுத்திவிட்டு, பழம்புடவையை மடிக்கச் சொல்லத் தொடங்கினோம். சிலர் கேட்டார்கள். பலர் சிரித்தார்கள்.

“அடுத்த வருசத்துக்கு இப்பவே துணி கட்டணுமா? அதுவரைக்கும் இருந்தாப் பாத்துக்கலாம்” என்றாள் மருதாயி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்று குடிக்கும் தண்ணீருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் பதில் வரும். நாளைய கஞ்சிக்கு வழி தேடுகிறவர்களிடம் அது மிக நீண்ட காலம்.

வண்டி போகாத வியாழன்

இதற்கிடையில் குச்சி அரை அரைச் சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் வண்டியின் அச்சு முறிந்து நாங்கள் போகவில்லை. அதற்கு முந்தைய வியாழனே அந்த இடம் சிவந்து, புழு நகர மறுத்திருந்தது. அந்தப் பதினான்கு நாட்களும் என் கண்முன் நின்றது இடக்கால்தான். வலிக்கிறதே என்று அவள் ஒரு முறை இழுத்துவிட்டால் போதும்.

அடுத்த வியாழன் வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். அஞ்சலை வாசலில் உட்கார்ந்து முறத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“காலைக் காட்டு.”

காட்டினாள். வீக்கம் வடிந்திருந்தது. புண் சிறிதாகி, வெளுத்த சுருக்கத்தோடு மூடத் தொடங்கியிருந்தது. குச்சியைக் காணோம். என் முகம் போன போக்கைப் பார்த்து, கூரையில் செருகியிருந்த குச்சியை எடுத்து நீட்டினாள். காய்ந்த நரம்பைப் போலப் புழு அதில் முழுதாகச் சுற்றியிருந்தது.

“நாலு நாளு அசையவே இல்லம்மா. எங்க வூட்டுக்காரரு, இழுத்து வுடு, என்னா ஆயிடும்னாரு. ஒரு தடவ இழுத்தது போதும்னுட்டேன். ஈரத்துணியப் போட்டுட்டுச் சும்மா ஒக்காந்துட்டேன். அஞ்சாம் நாளு அதுவே வுட்டுக் குடுத்துச்சு.”

என்னிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. அந்த நான்கு நாட்களைக் காத்திருக்க என்னால் முடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் வந்த ஆடி

கால் தப்பியது. ஆனால் அடுத்த கோடை இருந்தது. வடிகட்டத் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் அவள் என்ன தண்ணீர் குடித்தாளோ, தொடங்கிய பிறகு ஒரு நாளாவது மறந்தாளோ, யாருக்குத் தெரியும்? இன்னொன்று புறப்பட்டு அந்த வலது முழங்காலிலேயே வந்தால்?

அந்தக் கோடையைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. மாசியில் என்னைப் பிரசவப் பயிற்சிக்காகத் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அஞ்சலையின் கால் எப்படி இருக்கிறது என்று சவரிமுத்துவுக்குக் கார்டு எழுதினேன். பதில் வந்தது. செவலை மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, பள்ளிக்கூடத்துக் கூரை மாற்றியாகிவிட்டது, மூன்று ஞானஸ்நானம், மதருக்கு இருமல் என்று கார்டு நிறைய எழுதியிருந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடமில்லாமல் விட்டாரா, சொல்ல மனமில்லாமல் விட்டாரா என்று நான்கு மாதம் யோசித்தேன்.

ஆடியில் திரும்பி வந்தேன். முதல் வியாழனே புறப்பட்டோம். கடலைக் கொல்லைகளில் களையெடுப்பு நடந்த நேரம், தெருவில் ஆளில்லை. வேப்பமரத்தடியில் மருதாயி மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புறங்காலில் ஈரத்துணி, அதற்கு மேல் குச்சி.

“துணியப் பாவாடையாக் கட்டிவுட்டீங்கல்ல, இப்ப அனுபவிங்கன்னு சொல்லத்தான வந்தீங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன்” என்றாள்.

“நான் ஒண்ணும் சொல்லலை. காலைக் கொடு.”

“இந்த வருசம் எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும்தான். போன வருசம் பத்து பேரு ஒக்காந்திருந்தோம், இதே எடத்துல.”

“அஞ்சலை?” என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன்.

“வேலைக்குப் போயிருக்கா. கஞ்சி வேளைக்கு வருவா. வந்து எனக்குத் தண்ணி மொண்டு வச்சிட்டுத்தான் அவ வூட்டுக்கே போவா. என்னய எறங்க வுட மாட்டேங்கறா, ராங்கி புடிச்சவ.”

அவள் காலுக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தபோது பெண்கள் கொல்லையிலிருந்து திரும்பினார்கள். கடைசியாக அஞ்சலை வந்தாள். என்னைக் கவனிக்காமல் மருதாயியின் வாசலில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள்.

நான் எழுந்து போய் மேல்படியில் நின்றேன். விறைத்த இடக்காலை முன்னே நீட்டிக் கீழ்ப்படியில் வைப்பாள். உடம்பின் பாரம் முழுவதையும் மேல்படியில் நின்ற வலக்கால் தாங்கும். முழங்கால் மெல்ல மடங்கி அவளைக் கீழே இறக்கும். பிறகு அடுத்த படி. ஏறும்போது நிறைகுடமும் இடுப்பில் சேர்ந்துகொண்டது. வலக்கால் முதலில் ஏறி ஊன்றி, அத்தனையையும் இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது.

மேலே வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“எப்பம்மா வந்தீங்க? எளைச்சுட்டீங்களே.”

“கால் எப்படி இருக்கு?”

“எந்தக் காலு?”

அவளுக்கு அது சாதாரணக் கேள்விதான். என் கண் என்னை அறியாமல் இடக்காலின்மேல் போய் நின்றது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“அது அப்படியேதான் இருக்கும்மா. இது நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு, மருதாயியின் பானையின் வாயில் பழம்புடவைத் துண்டை நான்காக மடித்துக் கட்டக் குனிந்தாள்.